பொதுக் கூரையின் கீழ் விருந்தினர் அறை

கொழும்பில், வெள்ளவத்தைப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றில், யாராவது தன் வீட்டை நாள் வாடகைக்கு விட்டு, வந்தவர்கள் விடிய விடியப் பாட்டுப் போட்டுக் கூத்தடித்தால், பக்கத்து வீட்டார் போய் முறையிட ஓர் இடம் இருக்கிறது. தொடர்மாடி உடைமை பற்றிய 1973-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் அந்தக் கட்டடத்தை ஒரு சிறு சபையாகவே பார்க்கிறது. வீட்டுக்கு உறுதி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர். படிக்கட்டும் லிஃப்ட்டும் தண்ணீர்த் தொட்டியும் மொட்டைமாடியும் எல்லோருக்கும் பொது. கூட்டுத்தாபனம் பராமரிப்புக் கட்டணம் அறவிடலாம், ஒழுங்குவிதி போடலாம். அதற்கு மேலே கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. வழக்கு இழுபடலாம், கூட்டத்தில் சத்தம் கூடலாம். ஆனாலும் தன் உரிமை எங்கே முடிகிறது, அயலவன் உரிமை எங்கே தொடங்குகிறது என்பது எழுத்தில் இருக்கிறது.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாப் பாதையில் ஏதாவது ஒரு தோட்டத்துச் சந்தியில் இறங்கி மேலே ஏறினால், கொழும்பின் எல்லாத் தொடர்மாடிகளுக்கும் மூத்த ஒரு கட்டடத்தைப் பார்க்கலாம். அதுதான் தோட்டத்து லயம். நீளமான ஒரே தகரக் கூரை. அதன் கீழே முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசைக் காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு. பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழும்பாது. சுவருக்கு மேலே திறந்த வெளி. ஆறாம் காம்பராவில் குழந்தை இருமினால் எட்டாம் காம்பராவில் கேட்கும். ஒரு வீட்டு அடுப்புப் புகை நாலு வீட்டுச் சுவரைக் கறுப்பாக்கும். ஒரு காம்பராவில் மின்கம்பி உருகித் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் சாம்பல். அப்படி எரிந்த லயங்களின் செய்தி மலையகத்தில் ஆண்டுதோறும் வருகிறது. தண்ணீருக்குப் பொதுப் பீலி, வரிசைக்கு ஒதுக்குப்புறமாகச் சில மலசலகூடங்கள். சேர்ந்து வாழ்வதில் எத்தனை சிக்கல் உண்டோ அத்தனையும் இங்கே உண்டு. ஆனால் இந்தக் கட்டடம் எந்தத் தொடர்மாடிச் சட்டத்துக்குள்ளும் வராது. இங்கே குடியிருப்பவருக்கு உறுதி கிடையாது. இது தொழில் தருபவர் தந்த இருப்பிடம், அவ்வளவே.

இப்படிப்பட்ட இடத்தில் உல்லாசப் பயணிக்கு ஓர் அறை கொடுக்கலாமா என்ற கேள்வி இன்றைக்கு நிஜமாகவே எழுந்திருக்கிறது. சுற்றுலா வளரும் இடங்களில் தோட்டத்து இளைஞர்கள் தங்கள் வீட்டு முன்னறையை எயார்பிஎன்பியில் போட யோசிக்கிறார்கள். சிலர் செய்தும் பார்க்கிறார்கள். தோட்ட மக்களின் வருமானத்தைப் பெருக்க ஹோம்ஸ்டே ஒரு வழி என்று மேடைகளில் பேசப்படுகிறது. ‘லயத்து வாழ்க்கையை ஓர் இரவு வாழ்ந்து பாருங்கள்’ என்கிற மாதிரியான விற்பனை யோசனையும் வெகுதூரத்தில் இல்லை. இவை மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தனித்தனியாக எடைபோட வேண்டியவை. வீட்டின் வகையைப் பொறுத்துச் சிலவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடியும், சிலவற்றுக்கு நிபந்தனையோடுதான் சொல்ல முடியும், சிலவற்றுக்கு முடியவே முடியாது. அந்த முடிவுக்கு எப்படி வருகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஆதரவாகச் சொல்லப்படுவதை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். மலையகத்தின் அழகு விற்பனைக்குப் புதிதல்ல. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996-இல் ஹோட்டலாக மாறியது. காசல்ரீ நீர்த்தேக்கப் பகுதியில் உள்ள பழைய துரை பங்களாக்களை 2005 முதல் சிலோன் டீ ட்ரெயில்ஸ் விருந்தினர் விடுதிகளாக நடத்தி வருகிறது. நோர்வூட், காசல்ரீ, சமர்வில், தியன்சின், டன்கெல்ட் என்று அந்தப் பங்களாக்களின் பெயர்கள் உலகப் பயணிகளுக்குப் பழக்கமாகிவிட்டன. அங்கே ஓர் இரவுக்குப் பல நூறு டொலர். 2024-இல் வர்த்தமானியில் நிர்ணயித்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கூலியில், மாதத்தில் 25 நாள் தவறாமல் பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போனாலும் 33,750 ரூபாதான். பங்களாவில் ஓர் இரவு தங்க ஆகும் செலவு, பங்களாவின் ஜன்னலுக்கு வெளியே கொழுந்து பறிப்பவரின் ஒரு மாத உழைப்புக்கு மேலே போகிறது. பயணி பார்க்க வருவது எதை? மட்டமாக வெட்டிய செடியையும், கூடையோடு நடக்கும் பெண்ணையும்தான். அந்தக் காட்சியை உண்டாக்குபவருக்கு அந்த வியாபாரத்தில் பங்கு வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் மறுப்பில்லை.

கணக்கும் கைகொடுப்பதுபோலத் தெரிகிறது. ஒரு பேச்சுக்கு, ஓர் அறை ஓர் இரவுக்கு 5,000 ரூபா ஈட்டினால் ஏழு இரவில் அந்த ஒரு மாதக் கூலி வந்துவிடும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் அறை கிடைக்காமல் ஜனம் வாகனத்திலேயே தூங்குகிறது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு வருவோர் நல்லதண்ணியில் இடம் தேடி அலைகிறார்கள். தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கணக்கின் மறுபக்கம் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. விருந்தாளி வந்தால் வெந்நீர் வைப்பது, விரிப்புத் துவைப்பது, காலைச் சாப்பாடு செய்வது யார்? காலையில் மலைக்குப் போகும் அதே ஆள். அவர் பெரட்டுக்குப் போகாமல் நின்றால் அன்றைய கூலி போச்சு. போனால் விருந்தாளியைக் கவனிக்கக் கிழவியையோ பள்ளிக்கூடப் பிள்ளையையோ விட வேண்டும். பதிவுத் தளத்தின் தரகு, ஆங்கிலத்தில் பதில் எழுத ஆள், ஸ்டேஷனிலிருந்து கூட்டிவரும் முச்சக்கர வண்டிக்காரரின் பங்கு எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. டவுனில் இருக்கும் ஒருவர் பத்து வீடுகளைத் தன் கணக்கில் போட்டு, வீட்டுக்காரருக்கு ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கொடுத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வது எளிது. அந்த நிலை வந்தால் தோட்டத்தில் ஏற்கெனவே பார்த்த, இடையில் நிற்பவர் பிடுங்கிக்கொள்ளும் கங்காணி முறை வேறு சட்டை போட்டு வந்ததாகவே ஆகும். வருமானம் என்ற வாதம் பொய்யல்ல. வீட்டுக்காரரே தன் பெயரில் பதிந்து, தன் வங்கிக் கணக்கில் பணம் வாங்கினால் மட்டும் அது நிற்கும்.

தன் பெயரில் பதிவது என்ற இடத்தில்தான் கதவு மூடியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் வகைப்பாட்டில் ஹோம்ஸ்டே என்பது குடும்பம் வாழும் வீட்டிலேயே விருந்தாளிக்கு அறை கொடுப்பது. சொல்லப்போனால் தோட்டத்து வீட்டுக்கே அளவெடுத்ததுபோன்ற வகை. ஆனால் பதிவுக்குப் போனால் அந்த வீடு உம்முடையது என்பதற்கு உறுதியோ குத்தகைப் பத்திரமோ கேட்பார்கள். உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும். காம்பராவில் நான்காம் தலைமுறையாக இருப்பவரிடம் இரண்டும் இருக்காது. தோட்ட எல்லைக்குள் பிரதேச சபை பணம் செலவிடவே 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு தடையாக நின்றது. 2018-இல் வந்த திருத்தம்தான் அதைத் தளர்த்தியது. ஒரு வீட்டின் குப்பையை எடுக்கக்கூட முப்பது ஆண்டு சபைக்கு வழியில்லை என்றால், அந்த வீட்டுக்கு விடுதி அனுமதி எங்கிருந்து வரும்?

வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1972-இலும் 1975-இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992-இல் அவற்றை இருபதுக்கும் மேற்பட்ட பெருந்தோட்டக் கம்பனிகள் கையேற்றன. குத்தகை 53 ஆண்டு, 2045 வரை. அந்தக் குத்தகைக்குள் தேயிலையும் போனது, தொழிற்சாலையும் போனது, பங்களாவும் போனது, லயமும் உள்ளே இருந்த மனிதரோடு சேர்த்துப் போனது. பங்களா கம்பனியின் பயன்பாட்டில் இருப்பதால் அதை விடுதியாக்கப் பத்திரம் கிடைக்கும். அதே குத்தகைக் காணியில் ஐந்நூறு யார் கீழே இருக்கும் லயத்தில் ஒரு தகரத்தை மாற்ற, குசினியை நாலடி நீட்ட, தோட்டத்துரையின் சம்மதம் வேண்டும். யாராவது சட்டப்படி வெளியேற்ற முனைந்தால், அரச காணிகளை மீளப் பெறுவதற்கான 1979-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் நீதவான் முன் நிற்பவர் சொல்லக்கூடிய எதிர்வாதம் ஏறக்குறைய ஒன்றுதான்: அரசு தந்த செல்லுபடியான எழுத்து அனுமதி என்னிடம் உண்டு. எங்கள் தாத்தா இந்த மலையை வெட்டித் திருத்தினார் என்பது அங்கே வாதமாகாது. காம்பராவை வாடகைக்கு விட்டார் என்ற பேச்சு ஒரு குடும்பத்துக்கு எதிராக எவ்வளவு சுலபமாக ஆயுதமாகும் என்பதை, ஹோம்ஸ்டே பற்றி உற்சாகமாகப் பேசுபவர்கள் ஒரு கணமாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தை விட்டுவிட்டு அயலவரிடம் வருவோம். உறுதி நாளைக்கே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் லயத்தில் விருந்தினர் அறை சரியாகுமா?

பீலியடியை நினைத்துப் பாருங்கள். சாயந்தரம் மலையிலிருந்து இறங்கிய பெண்கள் குறுக்குக் கட்டிக்கொண்டு குளிக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், குடம் வரிசையில் நிற்கிறது. வறட்சி மாதத்தில் தண்ணீர் நூலாக விழும். ஒரு குடம் நிரம்பக் கால் மணி. அங்கே கையில் தொலைபேசியோடு இரண்டு அந்நியர். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், படம் எடுக்காதவர்களாகவே இருக்கட்டும். அன்று அந்தப் பெண்கள் இருட்டும்வரை காத்திருப்பார்கள், அல்லது குளிக்காமல் போவார்கள். மலசலகூடத்துக்கு நாலு குடும்பம் ஏற்கெனவே முறை வைத்திருக்கிறது. விருந்தாளி அதில் ஐந்தாவது. வாடகை வாங்குவது ஒரு காம்பரா, இடைஞ்சலைத் தாங்குவது பன்னிரண்டு காம்பரா. தொடர்மாடியில் இந்த அநீதியைச் சரிக்கட்டப் பராமரிப்புக் கட்டணம் என்ற வழியாவது இருக்கிறது. லயத்தில் அப்படி ஒரு பொது நிதி கிடையாது, அதை வைத்திருக்க ஒரு சபையும் கிடையாது.

அயலவரின் சம்மதத்தை நிபந்தனையாக்கலாமே என்று கேட்கலாம். இந்த யோசனையைச் சிங்கப்பூர் ஒரு காலத்தில் தீவிரமாகவே பரிசீலித்தது. தனியார் குடியிருப்பு ஒன்றில் குறுகிய கால வாடகையை அனுமதிக்க வேண்டுமானால், பங்கு மதிப்பின்படி 80 விழுக்காட்டு உரிமையாளர்கள் இசைய வேண்டும், ஆண்டுக்கு 90 நாளுக்கு மேல் கூடாது என்பது 2018-இல் அங்கே வைக்கப்பட்ட முன்மொழிவு. 2019-இல் அதையும் கைவிட்டு, தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது என்ற பழைய விதியையே நிலைநிறுத்தினார்கள். வாடகை ஒருவருக்கு, பாதிப்பு பலருக்கு என்ற இடத்தில் பலரின் சொல்லுக்கு எடை வேண்டும் என்ற அந்த அடிப்படை சரியானது. லயத்தில் பங்கு மதிப்பு என்று ஒன்றில்லை. ஒரு காம்பராவுக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் அதைவிட நியாயமாகக்கூட இருக்கும்.

இருந்தும் தோட்டத்தில் சம்மதம் எப்படிச் சேரும் என்பதை அறிந்தவர்கள் தயங்குவார்கள். நானும் தயங்குகிறேன். கூட்டம் கூடினால் பேசுவது யார்? சங்கத்துத் தலைவர், கோயில் கமிட்டிக்காரர், கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவர். அவர்கள் வீட்டு அறைக்கு எல்லோரும் கைதூக்குவார்கள். வேறு சங்கத்தில் சந்தா கட்டுபவரின் அறைக்கு எதிர்ப்பு வரும். நம்மிடையே இன்னும் ஒழியாத சாதிக் கணக்கும் அங்கே வாய் திறக்காமலே வாக்களிக்கும். விதவை தனியே இருந்து விருந்தாளிக்கு அறை கொடுத்தால் என்ன பேச்சு வரும் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆகவே முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தைப் பொறுத்தவரை சம்மதம் என்ற பாதுகாப்பு காகிதத்தில் மட்டும் நிற்கும். இடமும் போதாது, தண்ணீரும் போதாது, மறைவும் இல்லை, நடுநிலையான சபையும் இல்லை. லயக் காம்பராவில் விருந்தினர் அறை கூடாது என்பதே என் முடிவு. குடியிருப்பவரின் உரிமையை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கட்டடம் அங்கே வாழ்பவருக்கே போதாது என்பதால் சொல்கிறேன்.

இந்த இடத்தில் உலக நகரங்கள் கண்ட ஒரு விஷயம் நமக்கு உதவும். நியூயோர்க் 2023 செப்டெம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தும் சட்டத்தின்படி, 30 நாளுக்குக் குறைந்த வாடகை என்றால் வீட்டுக்காரர் அதே வீட்டில் விருந்தாளியோடு இருக்க வேண்டும். விருந்தாளிகள் இருவருக்கு மேல் கூடாது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் டொரொண்டோவில், ஒருவர் தான் உண்மையில் வசிக்கும் பிரதான வீட்டை மட்டுமே இப்படி விடலாம். முழு வீட்டையும் விடுவதென்றால் ஆண்டுக்கு 180 இரவு வரைதான். பார்சலோனா இன்னும் கடுமையாகப் போய், 2028-க்குள் சுற்றுலாக் குடியிருப்பு அனுமதிகள் அனைத்தையும் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-இல் அறிவித்தது. சூழலும் அரசியலும் வேறுவேறு. ஆனால் நியூயோர்க்கும் டொரொண்டோவும் வந்து சேர்ந்த அளவுகோல் ஒன்றே: விருந்தோம்புகிறவன் அங்கே வாழ்கிறவனாக இருக்க வேண்டும். வாழ்கிறவன் அயலவனின் முகத்தைக் காலையில் பார்க்க வேண்டும், அதனால் அடக்கம் வரும். வாழாதவனுக்கு அது வெறும் முதலீடு.

அந்த அளவுகோலை நுவரெலியா மாவட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. வாழாதவருக்கு விருந்தோம்பும் பத்திரம் இருக்கிறது, வாழ்கிறவருக்கு இல்லை. டவுனில் ஏப்ரல் சீசனுக்காகவே கொழும்புக்காரர் வாங்கி வைத்த வீடுகளும் தொடர்மாடி அறைகளும் ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடக்கின்றன. சீசன் வந்தால் ஆறு பேருக்கான அறையில் பதினைந்து பேர். கிரகரி வாவியோரத்தில் இரவெல்லாம் ஒலிபெருக்கி, மறுநாள் ஓடையில் பிளாஸ்டிக். பக்கத்து வீட்டு நோயாளிக்கு யாரிடம் சொல்வது என்று தெரியாது, ஏனென்றால் வீட்டுக்காரர் தொலைபேசியில் மட்டுமே இருக்கிறார். மாநகரசபைப் பதிவு எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும், சீசன் நாட்களில் பொறுப்பாளர் ஒருவர் அந்தக் கட்டடத்திலேயே இருக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளை இறுக்கமாகப் பிடித்தாலே இந்தத் தகராறுகளில் பெரும்பகுதி அடங்கும். தொடர்மாடி என்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கையில் ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் துணிவுதான் தேவை. இதற்கு மேல் டவுனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

கம்பனி பங்களாக்களைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். தனித்து நிற்கும் பங்களா யாருடைய சுவரிலும் சாய்ந்திருக்கவில்லை. அங்கே பாட்டுப் போட்டாலும் பக்கத்துக் காம்பரா இல்லை. ஹெதர்செட் தொழிற்சாலையில் யாரும் குடியிருக்கவில்லை. அதை ஹோட்டலாக்கியதால் பழைய இயந்திரங்களும் கட்டடமும் பிழைத்தன. தோட்டத்துப் பிள்ளைகள் சமையலறையிலும் வரவேற்பிலும் வேலை பெறுகிறார்கள். பழைய பங்களா இடிந்து விழுவதைவிட விளக்கெரிவது நல்லதே. ஆகவே அயலவர் தகராறு என்ற குற்றச்சாட்டை அவற்றின் மேல் சுமத்த நான் தயாரில்லை. என் கேள்வி வேறு. அந்தக் காணி பொதுக் காணி. தேயிலை வளர்க்கக் கொடுத்த குத்தகையில் விடுதி வருமானமும் வளரும்போது, அந்த வருமானத்தில் ஒரு பங்கு அதே தோட்ட டிவிஷனின் பீலிக்கும் மலசலகூடத்துக்கும் மின்கம்பிக்கும் போக வேண்டும் என்பது சலுகை கேட்பதாகாது. தொடர்மாடியில் அதிகப் பங்கு வைத்திருப்பவர் அதிகக் கட்டணம் கட்டுவதை யாரும் தருமம் என்று சொல்வதில்லை. தோட்டமும் ஒரே தண்ணீரையும் ஒரே பாதையையும் பகிரும் ஒரு பெரிய தொடர் குடியிருப்புத்தான்.

இனி, லயத்தில் ஓர் இரவு என்ற விற்பனை. கம்பனி செய்தாலும், டவுன் ஏஜென்ட் செய்தாலும், தோட்டத்துக்காரரே இடைத்தரகராக நின்று செய்தாலும் இதைத் தடுக்க வேண்டும். வறுமையைப் பார்க்கக் கட்டணம் வாங்கும் வியாபாரத்தில், லயம் லயமாகவே இருப்பதில் ஒருவருக்கு லாபம் உண்டாகிவிடும். இடிக்க வேண்டிய கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டிய காட்சியாக மாற்றிவிடும். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த நடையின் கோரிக்கைகளில் காணியும் வீடும் முன்னால் நின்றன. லயத்தின் வரலாற்றை அறிய விரும்புகிற பயணிக்கு வழி இருக்கிறது. கம்பளைப் பக்கத்தில் பழைய லயம் ஒன்றையே தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டி, கூடை, கவ்வாத்துக் கத்தி, பேர்ப் பதிவேடு என்று அங்கே பார்க்கலாம், படிக்கலாம், கேட்கலாம். உயிரோடு இருக்கும் குடும்பத்தின் இஸ்தோப்பில் படுத்துத்தான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் எதற்கு ஆம்? புது வீடுகளுக்கு. மலைநாட்டுப் புதிய கிராமங்கள் அமைச்சின் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று தொடங்கி, பசுமை பூமி என்ற பெயரில் உறுதிகள் கொடுத்தார்கள். இந்திய அரசின் உதவியோடு 4,000 வீடுகளும், 2017-இல் நோர்வூட்டில் வைத்து இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் இந்த வழியில் வருபவை. சிறியவைதான், ஆனால் தனிச் சுவர், தனிக் கூரை, தனி மலசலகூடம். இந்த வீடுகளில் ஒரு முன்னறையைப் பயணிக்குக் கொடுப்பதில் எந்த அயலவரின் தண்ணீரும் மறைவும் போகாது. வேலியோரத்தில் நாலு ரோஜாச் செடி, கதவுக்குப் பக்கத்தில் செருப்புத் தட்டு, உள்ளே ஒரு கட்டில், மேசைமேல் கொதிகேத்தல். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும். அந்தக் குடும்பமே வீட்டுக்காரர், அந்தக் குடும்பமே கணக்கு வைத்திருப்பவர். நியூயோர்க் விதியையும் டொரொண்டோ விதியையும் நுவரெலியா மாவட்டத்தில் யாராவது எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிறார்கள் என்றால் அது இவர்களாகத்தான் இருக்கும்.

இரட்டை வீடுகள், அதாவது ஒரு சுவரைப் பகிரும் வீடுகள், இடைநிலையில் நிற்கின்றன. அங்கே பக்கத்து வீட்டின் எழுத்துச் சம்மதம் போதும். இருவருக்குள் நடக்கும் பேச்சில் தலைவரும் கமிட்டியும் நுழைய இடம் குறைவு. சம்மதத்தை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளவும் முடியவேண்டும்.

ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச் சரிவுகளைப் பெயர்த்ததை இந்த மண் மறக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த இடத்தில் விருந்தினர் அறை கூடவே கூடாது. வீட்டுக்காரருக்கே அங்கே வீடு இருக்கக் கூடாது. சுற்றுலாவுக்காக அறை கட்டுகிறோம் என்று சரிவை வெட்டினால், மேல் வீட்டுக்காரரின் ஆசை கீழ் வீட்டுக்காரரின் உயிரைக் கேட்கும். மலையில் அயலவர் என்பது பக்கத்தில் இருப்பவர் மட்டுமல்ல, கீழே இருப்பவரும்தான்.

மற்றபடி, பதிவை எளிதாக்க வேண்டும். உறுதி இல்லாதவரிடம் உறுதி கேட்டுத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, அந்த வீட்டில் அந்தக் குடும்பம் இத்தனை ஆண்டாக இருக்கிறது என்ற கிராம உத்தியோகத்தரின் சான்றையும் வீடமைப்புத் திட்டத்தின் ஒப்படைப்புக் கடிதத்தையும் சுற்றுலா அதிகாரசபை ஏற்க வேண்டும். தோட்டத்துரையின் கடிதத்தை நிபந்தனையாக்கவே கூடாது. போட்டிக்கு விடுதி நடத்துபவரிடம் அனுமதி கேட்டு விடுதி திறக்கச் சொல்வது எங்குமே இல்லாத வழக்கம். 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெளியேற்றுவதற்கு, பதிவு செய்த ஹோம்ஸ்டேயைக் காரணமாகக் காட்ட முடியாது என்றும் எழுத்தில் வரவேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் எந்தக் குடும்பத்தையும் இந்தத் தொழிலில் இறங்கும்படி நான் சொல்லமாட்டேன்.

இவற்றில் எதுவும் லயத்தில் இருப்பவருக்கு இன்றைக்கு உதவாது. பாதிக்கும் அதிகமான தோட்டக் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவர்களுக்கு விருந்தினர் அறை கூடாது என்று மேலே எழுதினேன்; அதை எழுதுபவருக்கு அவர்களின் காணியைப் பற்றிப் பேசும் கடமையும் சேர்ந்தே வருகிறது. கம்பனிகளின் குத்தகை 2045-இல் முடிகிறது. நீட்டிப்பைப் பற்றிய பேச்சு அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கும். அந்த மேசையில் தேயிலைக் காணியும் விடுதிப் பங்களாவும் ஒரு பக்கம் இருக்க, குடியிருப்புக் காணியை முதலில் தனியே அளந்து, வரைபடம் போட்டு, குத்தகைக்கு வெளியே எடுத்து, குடும்பத்தின் பெயரில், பெண்ணின் பெயரையும் சேர்த்து, எழுத வேண்டும். நில அளவைத் திணைக்களத்துக்கு இது சில ஆண்டு வேலை. டிவிஷன் டிவிஷனாக இப்போதே தொடங்கினால்தான் குத்தகை முடிவதற்குள் முடியும்.